டேங்க் பையனுக்கு ஒரு பெயர்

ஞாயிற்றுக்கிழமை காலை. இரண்டாவது காபி. காலிங் பெல் அடித்தது. கதவைத் திறந்தால் டேங்க் பையன். நாங்கள் கூப்பிடவில்லை. மெஷினும் இல்லை, ஹோஸும் இல்லை. இஸ்திரி போட்ட சட்டையில் வந்திருந்தான். கையில் நாலாக மடித்த ஒரு காகிதம்.

"சார், நீங்க எழுதறவரு. ஒரு பேரு செலக்ட் பண்ணிக் குடுக்கணும்."

குழந்தை பிறந்திருக்கிறதாக்கும் என்று நினைத்து வாழ்த்து சொல்லிவிட்டேன். குழந்தைக்கு இல்லையாம், தொழிலுக்காம்.

எங்கள் பக்கத்துத் தெருக்களில் அவனைத் தெரியாத வீடு கிடையாது. பழைய டிவிஎஸ் எக்ஸ்எல்-லின் முன்பக்கம் மெஷின், பின்னால் சுருட்டிக் கட்டிய ஹோஸ். சம்ப் கழுவுவான், மாடித் தண்ணீர் டேங்க் கழுவுவான். மழைக்காலம் முடிந்ததும் மொட்டை மாடியில் பிடித்த பாசி, காம்பவுண்டு சுவரின் கறுப்பு, கார் நிறுத்துகிற இடத்து எண்ணெய்க் கறை என்று மூன்று மாதம் மூச்சு விட நேரம் இருக்காது. அந்தச் சின்ன மெஷினைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். உங்கள் கார் டயரில் காற்று எவ்வளவு? முப்பத்திரண்டு, முப்பத்து மூன்று பி.எஸ்.ஐ. 130 பார் மெஷின் என்றால் கிட்டத்தட்ட 1,900 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் தண்ணீரைப் பீய்ச்சுகிறது. முனையைத் தப்பாகப் பிடித்தால் பாசியோடு பெயின்ட்டும் வரும். கையைக் காட்டினால் தோல் கிழியும். எந்த நாஸிலை எந்தச் சுவருக்கு எவ்வளவு தள்ளிப் பிடிக்கணும் என்பது ஒரு வித்தை. பத்து வருஷமாக அதைச் செய்கிறவன், இப்போது இரண்டாவது மெஷின் வாங்கி, ஓர் ஆளையும் சேர்த்துக்கொண்டு, போர்டு வைத்து முறையாகத் தொழில் நடத்தப் போகிறான். நல்ல விஷயம்தானே? காகிதத்தை வாங்கிப் பார்த்தேன். காபி ஆறிவிட்டது.

நாலு பெயர்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் சிவப்பு மையில் ஒரு எண். எண் கணித நிபுணர் ஒருவர் எழுதிக் கொடுத்தது. ஃபீஸ் மூவாயிரம் ரூபாய். மூவாயிரம் ரூபாய்க்கு இவன் எத்தனை மாடிப் பாசியைச் சுரண்ட வேண்டும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன், வயிறு எரிந்தது. நாலு பெயர்களையும் இங்கே எழுதப் போவதில்லை. நீங்களே தயாரித்துக்கொள்ளலாம். ஆக்வா, ஷைன், ஸ்பார்க்கிள், ஹைடெக், ஹைஜீன் இதில் ஏதாவது இரண்டு. பின்னால் சொல்யூஷன்ஸ், சர்வீசஸ், என்டர்பிரைசஸ் இதில் ஏதாவது ஒன்று. நடுவில் தேவையில்லாத இடத்தில் இங்கிலீஷ் ஏ இரண்டு தடவை. கூட்டுத்தொகை சரியாக வருவதற்காக.

இந்தக் கூட்டுத்தொகை சமாச்சாரத்தைக் கொஞ்சம் பார்ப்போம். நம் ஊர் நியூமராலஜி புத்தகங்களில் பெரும்பாலானவை ‘கீரோ’ என்ற பெயரில் எழுதிய ஓர் அயர்லாந்துக்காரரின் முறையைத்தான் பின்பற்றுகின்றன. அசல் பெயர் வில்லியம் ஜான் வார்னர். 1936-ல் காலமானார். (தொழிலுக்குப் பெயர் மாற்றிக்கொண்டவர்!) அவர் முறையில் இங்கிலீஷ் எழுத்துகளுக்கு ஒன்று முதல் எட்டு வரை மதிப்பு. தமிழ் எழுத்துக்கு மதிப்பே கிடையாது. ஆக, சேலையூரில் மாடி கழுவுகிற ஒரு தமிழனின் அதிர்ஷ்டம், அவன் பெயரை இங்கிலீஷில் எந்த ஸ்பெல்லிங்கில் எழுதுகிறான் என்பதில் இருக்கிறது. வாய்க்கு வருகிற ஓசையில் இல்லை, காதில் விழுகிற அர்த்தத்தில் இல்லை. கூடுதலாக ஒரு ஏ போட்டால் கிரகம் சாந்தமாகிவிடும். அந்த இரண்டு ஏ-யால் என்ன நடக்கும் தெரியுமா? பெயரைக் காதால் கேட்டு இன்டர்நெட்டில் தேடுகிற கஸ்டமர் ஒரு ஏ போட்டுத் தேடுவார். இவன் வர மாட்டான். ஒரு ஏ-காரன் வருவான்.

"ஆக்வான்னா தண்ணிதானே சார்?" என்றான்.

தண்ணிதான். லத்தீன் தண்ணி. ஆனால் நம் வீடுகளில் ஆக்வா என்று ஆரம்பித்தாலே "வாட்டர் ஃபில்டர் ரிப்பேரா?" என்பார்கள். இன்னொன்று, 2019 ஜூனில் சென்னைக்குத் தண்ணீர் தருகிற ஏரிகள் வறண்டு, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டு வந்த ஊர் இது. அந்தச் சமயத்தில் ஆக்வா என்று போர்டு மாட்டியிருந்தால் காலிக் குடத்தோடு க்யூ நின்றிருக்கும்.

சொல்யூஷன்ஸ் என்பது இன்னும் மோசம். எந்தப் பிரச்னைக்குத் தீர்வு என்று போர்டில் இருக்காது. கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்கிறவரும் சொல்யூஷன்ஸ், கரப்பான் பூச்சி அடிப்பவரும் சொல்யூஷன்ஸ், கடன் வசூலிக்க ஆள் அனுப்புகிறவரும் சொல்யூஷன்ஸ்.

அப்படியானால் ‘ஏ ஒன்’ என்று வைக்கட்டுமா என்றான். அவன் மச்சான் சொன்ன யோசனை. அதற்கும் ஒரு கதை உண்டு. அமெரிக்காவில் டெலிபோன் டைரக்டரி காலத்தில் அகர வரிசையில் முதல் பக்கத்தில் வர வேண்டும் என்பதற்காக ப்ளம்பர்களும் பூட்டுக்காரர்களும் ஏ ஒன், டபுள் ஏ, ட்ரிபிள் ஏ என்று பெயர் வைத்துத் தள்ளினார்கள். அங்கே அதற்கு ஒரு காரணம் இருந்தது. டைரக்டரியைப் பழைய பேப்பர்காரனிடம் எடைக்குப் போட்டு எத்தனையோ வருஷம் ஆகிறது. இப்போது தேடுகிற இயந்திரம் அகர வரிசை பார்ப்பதில்லை. பக்கத்தில் யார் இருக்கிறார்கள், எத்தனை பேர் நல்லது சொல்லியிருக்கிறார்கள் என்று பார்க்கிறது. காரணம் செத்துவிட்டது, பெயர் மட்டும் ஆவியாக நம் ஊரில் சுற்றுகிறது.

இந்த இடத்தில் தமிழ் ஆர்வலர்கள் சந்தோஷப்பட ஆரம்பித்திருப்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள். கடைப் பலகையில் தமிழ் முதலில், பெரிதாக இருக்க வேண்டும் என்பது சட்டப்படியான விதி. தமிழ், ஆங்கிலம், மற்ற மொழி என்றால் 5:3:2 என்கிற விகிதம். எனக்கு இதில் முழுச் சம்மதம். ஆனால் தமிழ் எழுத்தில் ‘ஹைஜீன் சொல்யூஷன்ஸ்’ என்று பெரிதாக எழுதினாலும் விதி திருப்தியாகிவிடுகிறது. எதிர்ப்பக்கம் போனால், நண்பர் ஒருவர் போனில் கேட்டவுடனே ‘நீரழுத்தத் தூய்மையகம்’ என்று மொழிபெயர்த்துக் கொடுத்தார். பல் செட் கட்டியவர்கள் சொல்லிப் பார்க்க வேண்டாம். 2006-ல் தமிழில் பெயர் வைத்த படங்களுக்குக் கேளிக்கை வரி கிடையாது என்று அரசு அறிவித்ததும் ‘ஜில்லுனு ஒரு காதல்’ ஒரே நாளில் ‘சில்லுனு ஒரு காதல்’ ஆனது. குளிர் குறைந்ததே தவிர காதல் மாறவில்லை. வரிக்காகவும் விதிக்காகவும் வைக்கிற தமிழ் அப்படித்தான் இருக்கும்.

இத்தனைக்கும் சுத்தம் செய்வதற்குத் தமிழில் உள்ள சொற்களைப் பாருங்கள். துணி துவைக்கிறோம். தலைமுடியை அலசுகிறோம். அரிசி களைகிறோம். குத்துவிளக்கைத் துலக்குகிறோம். பாத்திரம் தேய்க்கிறோம், சில வீடுகளில் விளக்குகிறோம். வாசல் தெளிக்கிறோம், தரை பெருக்குகிறோம், மெழுகுகிறோம், துடைக்கிறோம். இங்கிலீஷ்காரன் பாதி வேலைக்கு ஒரே வாஷ். இவ்வளவு சொல் வைத்திருக்கிறவர்கள் ஒரு போர்டில் எழுத ஒன்றுகூட எடுக்காமல் லத்தீனுக்குப் போவானேன்? மறந்துவிட்டோம் என்று நான் நம்பவில்லை. அதற்குப் பிறகு வருகிறேன்.

மனதில் நிற்கிற பெயர் வேண்டும் என்கிறான். நியாயம். மனதில் நிற்கிற பெயர்களை யார் வைத்தார்கள்? திண்டுக்கல்லில் 1957-ல் நாகசாமி நாயுடு ஆரம்பித்த ஓட்டலின் பெயர் ஆனந்த விலாஸ் பிரியாணி ஓட்டல். எத்தனையோ ஆனந்த விலாஸ்களில் ஒன்று. அவர் தலையில் எப்போதும் தலப்பா கட்டியிருப்பார். சாப்பிட வந்த சனம் ‘தலப்பாக்கட்டி கடை’ என்றது. முதலாளி வைத்த பெயர் போய், ஜனங்கள் வைத்த பெயர் போர்டில் ஏறியது. அந்தப் பெயருக்காகப் பிறகு கோர்ட் வரை போனார்கள் என்றால் அதன் மதிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். 2005-ல் டாடா கம்பெனி ‘ஏஸ்’ என்று ஒரு சின்ன லாரி விட்டது. வீடு மாற்றும்போது யாராவது "ஏஸ் ஒண்ணு வரச் சொல்லு" என்கிறோமா? குட்டி யானை. மூவாயிரம் ரூபாய் ஃபீஸ் வாங்காமல் யாரோ ஒரு லோடுமேன் வைத்த பெயர்.

அடுத்து, ஜேசிபி. மண் தோண்டுகிற மஞ்சள் வண்டி எந்தக் கம்பெனி செய்ததாக இருந்தாலும் நமக்கு ஜேசிபிதான். அது ஏதோ இன்ஜினீயரிங் சுருக்கம் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். ஜோசப் சிரில் பாம்ஃபோர்ட் என்கிற ஆளின் இனிஷியல். 1945-ல் இங்கிலாந்தில் தனி ஆளாக ஆரம்பித்தார். இவன் தொழிலுக்கே வருவோம். உயர் அழுத்தத்தில் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுகிற மெஷின்களில் உலகத்தில் பெரிய பெயர் கார்ச்சர். அதுவும் ஆள் பெயர். ஆல்ஃபிரட் கார்ச்சர், ஜெர்மனிக்காரர், 1935-ல் கம்பெனி தொடங்கியவர், 1950-ல் வெந்நீரைப் பீய்ச்சுகிற மெஷினைக் கொண்டுவந்தவர். அவ்வளவு ஏன், இவன் ஏறி வருகிற வண்டியே டிவிஎஸ். டி.வி. சுந்தரம் அய்யங்கார் என்ற மனிதரின் பெயர் மேல் உட்கார்ந்துதான் பத்து வருஷமாக வருகிறான்.

"அதனால உன் பேரையே போடு" என்றேன். "பேரு, பக்கத்துல மாடி - டேங்க் கழுவித் தரப்படும்னு. முடிஞ்சுது."

சட்டத்தையும் துணைக்கு இழுத்தேன். வெறுமனே வேலையை வர்ணிக்கிற பெயரை ட்ரேட் மார்க்காகப் பதிவு செய்வது கஷ்டம். ‘க்ளீன் வாஷ்’ என்று வைத்தால் நாளைக்கு இன்னொருவன் அதையே வைப்பான், தடுக்க முடியாது. ஆனால் ஒருவன் தன் சொந்தப் பெயரை நேர்மையாகத் தன் தொழிலுக்குப் பயன்படுத்தினால், அதே பெயரை வேறொருவர் பதிவு செய்து வைத்திருந்தாலும் அவர் குறுக்கே வர முடியாது என்கிறது 1999-ம் வருஷத்து ட்ரேட் மார்க்ஸ் சட்டத்தின் 35-வது பிரிவு. அப்பா அம்மா வைத்த பெயருக்குப் பார்லிமென்டே பாதுகாப்பு கொடுத்திருக்கிறது, நீ எண் கணிதக்காரனிடம் போகிறாயே என்று ஒரு லெக்சர் அடித்தேன்.

அமைதியாகக் கேட்டான். காகிதத்தைத் திரும்ப நாலாக மடித்தான்.

"சார், நீங்க பேரு போட்டா வெளம்பரம். நான் பேரு போட்டா விசாரணை."

புரியவில்லை. விளக்கினான். ஃபோனில் பெயர் சொன்னால் அடுத்த கேள்வி, "எந்த ஊருப்பா?" அதற்கு அடுத்தது, "ஊர்ல எந்தப் பக்கம்?" அதற்கும் பதில் சொன்னால், "அப்பா என்ன பண்றாரு?" மாடி கழுவ மூன்றாவது கேள்வியோடு நிறுத்துவார்கள். குடிதண்ணீர் டேங்கில் இறங்க வேண்டும் என்றால் நாலாவதும் வரும். ஒரு வீட்டில் எல்லாம் பேசி முடித்து, மெஷினை இறக்கிய பிறகு, "இன்னிக்கு வேணாம், சொல்லி அனுப்பறோம்" என்றார்களாம். சொல்லி அனுப்பவே இல்லை. "ஏதோ ஆக்வா, சொல்யூஷன்ஸ்னு இருந்தா கம்பெனி ஆளுன்னு நெனச்சுப்பாங்க சார். கம்பெனிக்கு ஊரு கெடையாது."

எனக்கு அதுவரை ரொம்பத் தெளிவாக இருந்த விஷயம் அந்த நிமிஷத்தில் கலங்கிப் போயிற்று.

யோசித்துப் பாருங்கள். நம் ஊரில் சமைக்கிறவர் யார் என்பதைப் போர்டில் போடுவது ரொம்ப நாளைய வழக்கம். அய்யங்கார் பேக்கரி இன்றைக்கும் தெருவுக்குத் தெரு இருக்கிறது. பேக்கரியில் பன் போடுகிறவர் அய்யங்காரா என்று யாரும் விசாரிப்பதில்லை. பெயரே சர்டிஃபிகேட். ‘பிராமணாள் ஓட்டல்’ என்ற போர்டுகளை எதிர்த்து 1957-ல் திருவல்லிக்கேணி முரளி கஃபே முன்னால் பெரியார் மறியல் நடத்த வேண்டியிருந்தது. அந்த எழுத்து போர்டிலிருந்து போயிற்று. ஆனால் எந்தக் காலத்திலாவது, எந்த ஊரிலாவது, ‘இன்ன சாதியார் டேங்க் க்ளீனிங்’ என்று ஒரு போர்டை யாராவது பார்த்ததுண்டா? பார்க்க மாட்டீர்கள். பொங்கல், பன் என்றால் கை யாருடையது என்று எழுதி வைத்தால் வியாபாரம். கழுவுவது என்றால் கை யாருடையது என்று மறைத்தால்தான் வியாபாரம். துவை, அலசு, துலக்கு என்று அத்தனை நல்ல சொற்களும் இருந்தும் ‘ஹைஜீன்’ பின்னால் போய் ஒளிந்துகொள்வதற்கு அதுதான் காரணம். ஒளிகிறவர் மேல் நான் கோபப்பட்டுக்கொண்டிருந்தேன். விரட்டுகிறவர்கள் என்னைப் போல ஞாயிற்றுக்கிழமை காபி குடிப்பவர்கள்.

(வண்ணாரப்பேட்டை என்ற பெயரே கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில் துணி வெளுத்தவர்களால் வந்தது. அவர்கள் பெயரில் ஒரு பேட்டையே இருக்கலாம், மெட்ரோ ஸ்டேஷன் இருக்கலாம். பக்கத்து வீட்டில் குடியிருக்க மட்டும் விசாரணை உண்டு.)

அவன் போன பிறகு என் செல்ஃபோனை எடுத்துப் பார்த்தேன். டாக்டர்கள் பெயரோடு இருக்கிறார்கள், டிகிரியோடு. வக்கீல் பெயரோடு, ஆடிட்டர் பெயரோடு. அதற்குக் கீழே: ‘ஏசி மெக்கானிக் புதுசு’, ‘ப்ளம்பர் 2’, ‘கேஸ் பையன்’, ‘டேங்க் பையன்’. பத்து வருஷமாக என் தலைக்கு மேலே இருக்கிற, நான் குடிக்கிற தண்ணீர்த் தொட்டிக்குள் இறங்குகிற ஆள். பெயர் என்னிடம் இல்லை. "உன் பேரையே போடு" என்று அவ்வளவு வீரமாகச் சொன்னேனே, அந்தப் பெயர் என்ன என்று அப்போதுகூட நான் கேட்கவில்லை.

வயது? முப்பத்தாறு. பெரிய பெண் ஏழாவது படிக்கிறாள். இதையெல்லாம் மறுநாள் கேட்டுத் தெரிந்துகொண்டேன். முப்பத்தாறு வயது ஆளை ‘பையன்’ என்றும், இந்தக் கட்டுரையில் இதுவரைக்கும் ‘அவன்’ என்றும் எழுதிவந்திருக்கிறேன். நீங்களும் எந்த உறுத்தலும் இல்லாமல் படித்துக்கொண்டு வந்திருக்கிறீர்கள். ஏசிக்காரருக்கும் இதே வயதுதான். அவரை ‘வாங்க’ என்கிறேன்.

இது நம் ஊர் வியாதி மட்டும் என்று நினைக்க வேண்டாம். பிரான்ஸில் கார்ச்சர் என்பது மெஷினின் பெயராகவே ஆகிவிட்டது, நமக்கு ஜெராக்ஸ் மாதிரி. 2005 ஜூனில் அங்கே உள்துறை அமைச்சராக இருந்த சர்க்கோஸி, பாரிஸுக்கு வெளியே லா கூர்னவ் என்கிற ஏழைகள் குடியிருப்புக்குப் போய், இந்த இடத்தைக் கார்ச்சர் வைத்துக் கழுவப் போகிறேன் என்று பேசினார். வட ஆப்பிரிக்காவிலிருந்து குடியேறியவர்களும் அவர்கள் பிள்ளைகளும் நிறைய வசிக்கிற பகுதி. அழுக்கு என்று அவர் சொன்னது சுவரை இல்லை என்பது கேட்டவர்களுக்குப் புரிந்தது. கார்ச்சர் கம்பெனி எங்கள் பெயரை இதில் இழுக்காதீர்கள் என்று ஆட்சேபித்தது. பெயரைக் காப்பாற்ற கம்பெனிக்கு வக்கீல் உண்டு. அந்தக் குடியிருப்புக்காரர்களுக்கு?

"அதான் பேரெல்லாம் மாத்தியாச்சே" என்பீர்கள். மாற்றியாயிற்று. துப்புரவுப் பணியாளர்கள் இனிமேல் தூய்மைப் பணியாளர்கள் என்று 2020-ல் தமிழக அரசு அறிவித்தது. நல்ல சொல், மரியாதையான சொல். 2025 ஆகஸ்டில் அதே தூய்மைப் பணியாளர்கள் சென்னை ரிப்பன் மாளிகை வாசலில், வேலையைத் தனியாருக்கு விடாதே என்று 13 நாள் உட்கார்ந்திருந்தார்கள். ராத்திரியில் கைது செய்து அப்புறப்படுத்தினார்கள். புதுப் பெயர் அப்போதும் அமலில்தான் இருந்தது.

ஆகவே பெயர் ஆலோசகர் வேலையிலிருந்து நான் ராஜினாமா செய்கிறேன். "பெயரைப் போடு, தைரியமாக நில்" என்று அவருக்குச் சொல்கிற யோக்கியதை எனக்கு இல்லை. எண் கணிதக்காரர் மேல் உள்ள கோபம் மட்டும் குறையவில்லை. ஒரு மனிதர் தன் பெயரைச் சொல்லப் பயப்படுகிறார் என்று தெரிந்து, அந்தப் பயத்துக்கு மூவாயிரம் ரூபாய் டிக்கெட் போட்டவர் அவர். ஆனால் பயத்தைச் சப்ளை செய்தது நம் கேட்டும் நம் கேள்விகளும். டேங்க் கழுவ ஆள் கூப்பிடும்போது கேட்க வேண்டிய கேள்விகள் உண்டு. என்ன ரேட்? ப்ளீச்சிங் பவுடர் போட்டால் எத்தனை தடவை அலசுவீர்கள்? சம்ப்புக்குள் இறங்கும் முன்னால் மூடியைத் திறந்து எவ்வளவு நேரம் காற்றாட விடுவீர்கள், மேலே ஓர் ஆள் காவல் இருப்பாரா? இந்தக் கடைசிக் கேள்வி அவர் உயிர் சம்பந்தப்பட்டது. மூடிய தொட்டியில் மூச்சுத் திணறி ஆட்கள் சாகிற செய்தியை வருஷா வருஷம் படிக்கிறோம். என்னிடம் அவர் பத்து வருஷத்தில் வேலை பார்த்த வீடுகளில் அதை எத்தனை பேர் கேட்டார்கள் என்று விசாரித்தேன். விரல் விட்டு எண்ணக்கூட ஒரு கை முழுதாக வேண்டியிருக்கவில்லை. எந்த ஊர் என்று கேட்காதவர்களை எண்ணவும் அதே கைதான்.

போன வாரம் மறுபடி வந்தார். இந்தத் தடவை "வாங்க, உக்காருங்க" என்றேன். சந்தேகமாகப் பார்த்தார். ஏதாவது பழைய பாக்கி விஷயமா என்று நினைத்திருப்பார். காபி வந்தது, எங்கள் வீட்டு டம்ளரில். பாதி குடித்துவிட்டுச் செல்ஃபோனில் ஒரு போட்டோ காட்டினார். ஃப்ளெக்ஸ் கடையில் போட்டுக் கொடுத்த டிசைன். நீலப் பின்னணி, ஓரத்தில் ஒரு மெஷின் படம். மேலே அவருடைய பெயர், இனிஷியலோடு. ‘வாட்டர் வாஷ். மொட்டை மாடி, காம்பவுண்டு, கார் பார்க்கிங், டேங்க் - மெஷின் மூலம் கழுவித் தரப்படும்.’

"ஆக்வா என்னாச்சு?"

"என் பொண்ணு படிச்சிட்டு, இது யாருப்பா ஆக்வான்னு கேட்டுச்சு சார்."

பெயர் கொஞ்சம் சின்ன எழுத்தில் இருந்தது. ஃபோன் நம்பர் அதைவிட மூன்று மடங்கு பெரிது. பெயரைப் பெரிசு பண்ணச் சொல்லலாமா என்று வாய் வரை வந்தது. அடக்கிக்கொண்டேன். அது அவர் போர்டு, ஸ்கொயர் ஃபீட்டுக்கு அவர் காசு.

என் ஃபோனில் ‘டேங்க் பையன்’ என்பதை அழித்து, அவரிடமே கேட்டு, பெயரை இனிஷியலோடு பதிந்துகொண்டேன். ஸ்பெல்லிங்கில் ஏ ஒன்றுதானா, இரண்டா என்றும் கேட்டுக்கொண்டேன். ஒன்றுதான்.

"இதைப் பத்தி எழுதப் போறேன். உங்க பேரைப் போடட்டுமா?" என்றேன்.

டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்சம் யோசித்தார்.

"வேணாம் சார். மொதல்ல போர்டுல வரட்டும்."